புதிய ஊராட்சி மன்றத் தலைவருக்கு: ஊரின் எதிர்பார்ப்பை முதல் ஆண்டில் எதிர்கொள்ளும் முறை

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குத் தலைவராக வெற்றி பெறுபவர் மீது ஊர் வைக்கும் எதிர்பார்ப்பு, சட்டமன்ற உறுப்பினர் மீது தொகுதி வைக்கும் எதிர்பார்ப்பைவிட ஒரு வகையில் கடுமையானது. சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்க அலுவலகம் தேடிப் போக வேண்டும், தெரிந்த ஆளைப் பிடிக்க வேண்டும். ஊராட்சி மன்றத் தலைவரோ அதே ஊரில் குடியிருக்கிறார். டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் துக்க வீட்டிலும் எதிரே நிற்கிறார். இந்தப் பதவிக்கான தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிறது. ஆளைப் பார்த்தே மக்கள் நேரடியாக வாக்களிப்பதால், வேலை நடக்காவிட்டால் கேள்வியும் ஆளைப் பார்த்தே வரும்.

இதனுடன் தேர்தல் நடக்காத ஆண்டுகளின் சுமையும் சேர்ந்துகொள்கிறது. 2016 அக்டோபரில் அன்றைய உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்கும் வரை, மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அரசு நியமித்த தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினார்கள். எஞ்சிய 9 மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. முதலில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் நாள் பதவிக்காலம் முடிந்தபோது நிர்வாகம் மறுபடியும் தனி அலுவலர்களிடம் போனது. ஓர் அலுவலர் பல ஊராட்சிகளைப் பார்த்துக்கொள்ளும் காலத்தில் எரியாத தெருவிளக்கும் உடைந்த குழாயும் மனுவாகவே நின்றுவிடுகின்றன. இப்படியான இடைவெளிக்குப் பிறகு வரும் தலைவரிடம் ஐந்தாண்டு வேலையுடன் அந்த ஆண்டுகளின் பாக்கியையும் சேர்த்தே ஊர் கேட்கும்.

மக்களின் எதிர்பார்ப்பைக் குறைக்கப் பார்ப்பது வீண் வேலை என்பது என் உறுதியான கருத்து. அவர்கள் கேட்பதில் பெரும்பகுதி நியாயமானது. தலைவரால் செய்யக்கூடியது, அந்த எதிர்பார்ப்பை ஊர் அறிய வரிசைப்படுத்துவதுதான். எது ஊராட்சியின் கையில் இருக்கிறது, எதற்குப் பணம் இருக்கிறது, எது முதலில் நடக்கும், எது இந்த ஆண்டு நடக்காது என்பவற்றை மூடிய அறையில் சொல்லாமல் கிராம சபையில் சொல்லும் தலைவர்களுக்கு ஊர் காத்திருக்கிறது. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அந்த ஒரு வேலைக்கானவை.

முதல் படி: கொடுத்த வாக்கை எழுதுங்கள்

பதவியேற்கும் முன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பிரசாரத்தின்போது நீங்களும் உங்களுக்காக வாக்குக் கேட்டவர்களும் தெருத் தெருவாகச் சொன்னவற்றை எழுதுங்கள். நோட்டீஸில் அச்சடித்ததைவிட வாய்ப்பேச்சில் சொன்னதைத்தான் மக்கள் நினைவில் வைத்திருப்பார்கள். உங்கள் மைத்துனர் யாரோ ஒருவரிடம் “அண்ணன் ஜெயிச்சா உனக்கு வீடு நிச்சயம்” என்று சொல்லியிருந்தால், அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை அதுவும் நீங்கள் கொடுத்த வாக்குதான். ஆகவே உங்களுக்காக உழைத்தவர்களை உட்கார வைத்து, யாரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது என்று குறியுங்கள். குடிநீர், தெருவிளக்கு, தெருக்களின் தூய்மை, ஊருக்குள் இருக்கும் சாலைகள், வடிகால், சுடுகாடு, குளம், ஊருணி போன்றவை ஊராட்சியின் பொறுப்பு. வீட்டுமனைப் பட்டாவும் முதியோர் உதவித்தொகையும் வருவாய்த் துறையினுடையவை; கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியரிடம் போக வேண்டும். குடும்ப அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலர் இருக்கிறார். டிரான்ஸ்பார்மரும் தாழ்வாகத் தொங்கும் கம்பியும் மின்வாரியத்தின் வேலை. ஊரை ஒட்டிப் போகும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறைக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ சொந்தமாக இருக்கலாம். ஏரிகளில் குழப்பம் அதிகம்: 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை, அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையினுடையவை. வேறொரு துறையின் ஏரியில் நீங்கள் நல்லெண்ணத்தில் ஜே.சி.பி. விட்டாலும் அது வழக்காகத் திரும்பி வரும்.

பிற துறையின் வேலையை “அது என் வேலை இல்லை” என்று தள்ளிவிடக் கூடாது. கேட்பவருக்கு எந்தத் துறை என்ற கணக்கு முக்கியமல்ல; தன் வீட்டு வாசலில் நிற்கும் தண்ணீர்தான் முக்கியம். உரிய துறைக்கு ஊராட்சித் தீர்மானத்துடன் மனு எழுதுங்கள். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்கி, அதன் நகலைக் கேட்டவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை அவர் உங்களிடம் வரும்போது பேச்சு “செய்தீர்களா” என்பதில் தொடங்காது. “மனு எங்கே நிற்கிறது” என்பதில் தொடங்கும்.

இரண்டாம் படி: தொடக்கக் கணக்கை ஊருக்குக் காட்டுங்கள்

புதிய தலைவர்களில் பலர் முதல் மாதத்திலேயே ஏதாவது ஒரு வேலையைத் தொடங்கிவிடத் துடிக்கிறார்கள். கஜானாவில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தொடங்கும் வேலை பாதியில் நிற்கும். பாதியில் நிற்கும் வேலை தொடங்காத வேலையைவிட அதிகக் கெட்ட பெயரைக் கொடுக்கும்.

ஊராட்சி செயலரிடம் உட்கார்ந்து மூன்று வங்கிக் கணக்குகளின் இருப்பையும் வாங்குங்கள். முதல் கணக்கு ஊராட்சியின் பொது நிதி. வீட்டு வரி, தொழில் வரி, கட்டணங்கள் ஆகிய சொந்த வருவாயும் மாநில நிதி ஆணைய மானியமும் இதில் வரும். இரண்டாம் கணக்கு மின்கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குச் செலுத்த வேண்டிய தொகைக்கும் உரியது. மூன்றாம் கணக்கு திட்டங்களுக்கானது. இருப்பைப் பார்த்த கையோடு பாக்கியையும் பாருங்கள்: மின்வாரியத்துக்கு எவ்வளவு, மோட்டார் பழுது பார்த்தவருக்கு எவ்வளவு, தூய்மைக் காவலர்களுக்கு எத்தனை மாத ஊதியம் நிலுவை, முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் ஏறியும் பணம் போகாத வேலைகள் எவை. வீட்டு வரியின் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டையும் புரட்டுங்கள்.

இதில் பொதுமக்களுக்குப் பெரும்பாலும் தெரியாத ஒரு செய்தி உண்டு. ஊராட்சிக்கு வரும் பணம் எல்லாவற்றையும் தலைவர் விரும்பியபடி செலவிட முடியாது. 2021 முதல் 2026 வரைக்குமான 15-வது மத்திய நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி: பாதி குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு போன்றவற்றுக்கு, மறுபாதி துப்புரவுக்கு. எஞ்சிய 40 சதவீதத்தை மட்டுமே ஊரின் பிற அடிப்படைத் தேவைகளுக்குப் பயன்படுத்தலாம். அதிலும் சம்பளம் கொடுக்க முடியாது. 2026 ஏப்ரலிலிருந்து 16-வது நிதிக்குழுவின் காலம் தொடங்குவதால், நீங்கள் பொறுப்பேற்கும் ஆண்டுக்கான நிபந்தனைகளை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். “ஊராட்சியிலே இவ்வளவு பணம் வருதே, சமுதாயக் கூடம் கட்ட முடியாதா” என்ற கேள்விக்கு உண்மையான பதில் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

இந்த விவரங்களை ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். இருப்பு, பாக்கி, ஒரு மாதத்துக்கு ஆகும் தவிர்க்க முடியாத செலவு ஆகிய மூன்று தலைப்புகள் போதும். முந்தைய நிர்வாகத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். பழி சொல்லத் தொடங்கினால் ஊர் இரண்டாகப் பிரிந்து பழைய சண்டையைப் பேசும். எண்களை மட்டும் வைத்தால் எண்களைப் பேசும்.

மூன்றாம் படி: தண்ணீர்

முதல் நூறு நாளில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் குடிநீரைச் சீராக்குங்கள். சாலையோ கட்டடமோ போடவில்லை என்று மக்கள் ஆறு மாதம் பொறுப்பார்கள். தண்ணீர் வராவிட்டால் ஒரு காலைப்பொழுதுகூடப் பொறுக்க மாட்டார்கள். பொறுக்கவும் கூடாது. பெரும்பாலான ஊர்களில் தண்ணீர்ப் பிரச்சினையில் பாதியைப் புதிய பணம் இல்லாமலேயே தீர்க்க முடியும் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

விடியற்காலையில், தொட்டி இயக்குபவர் வால்வைத் திறக்கும் நேரத்தில், அவருடன் நடந்து போங்கள். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடப்படுகிறது என்பது பெரும்பாலும் அவர் தலைக்குள் மட்டுமே இருக்கும். அதை எழுதுங்கள். பள்ளத் தெருவில் குடங்கள் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்போது, மேட்டுத் தெருவின் கடைசிக் குழாயடியில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்ப்பீர்கள். குழாயில் நூல் போல வடியும் தண்ணீரில் ஒரு குடம் நிரம்பப் பத்து நிமிடம் ஆகும். இரண்டு தெருவுக்கும் ஒரே நேரத்தில் திறந்தால் மேட்டுக்கு ஏறாது. மேட்டுத் தெருவுக்கு முதலில் தனியாகத் திறந்து, அது முடிந்த பிறகு பள்ளத்துக்குத் திறக்கும் சிறிய மாற்றமே பல ஊர்களில் போதுமானது.

அடுத்து கணக்கு. வீடுதோறும் குடிநீர்க் குழாய் தர 2019-இல் மத்திய அரசு அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால், 200 வீடுகள் உள்ள குக்கிராமத்துக்கு ஒரு நாளைக்கு 44,000 லிட்டர் வேண்டும். அங்கிருப்பது 30,000 லிட்டர் தொட்டி என்றால், ஒரு முறை நிரப்பினால் போதாது, இரண்டாம் முறை ஏற்ற வேண்டும். அதற்கு மின்சாரம் எந்த நேரத்தில் இருக்கிறது, ஆழ்துளைக் கிணறு தாங்குமா என்று பார்க்க வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து தண்ணீர் வரும் ஊராக இருந்தால், வாரியம் ஒப்புக்கொண்ட அளவுக்கும் தரைத்தொட்டியில் உண்மையில் வந்து விழும் அளவுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மாதம் தினமும் குறித்து, அந்தத் தாளுடன் பொறியாளரைப் பாருங்கள். வெறுங்கையுடன் போய்ச் சொல்லும் குறைக்கும், நாள்வாரிக் கணக்குடன் சொல்லும் குறைக்கும் கிடைக்கும் மரியாதை வேறு.

தொட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கழுவி, கழுவிய தேதியைத் தொட்டித் தூணிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் 30,000 லிட்டருக்கு 120 கிராம் வேண்டும். வாளியில் கரைத்துத் தெளிய வைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். குளோரின் சோதனையைத் தொட்டியடியில் செய்து முடித்துவிடாமல் கடைசி வீட்டுக் குழாயில் செய்யுங்கள். அங்கே குறைந்தது 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் இருக்க வேண்டும். அந்தக் கடைசி வீட்டுக்காரர் கண்முன் இதைச் செய்தால், உங்கள் நிர்வாகத்தைப் பற்றி அவரே தெருவில் பேசுவார்.

வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதுதான் இதில் மிகக் கடினமான பகுதி. உறிஞ்சுபவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள், செல்வாக்கானவர்கள். உங்களுக்குத் தேர்தலில் உதவியவர்களும் அவர்களில் இருப்பார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு, வீடு வீடாக அறிவிப்புக் கொடுத்து, தாமாகவே கழற்றிக்கொள்ள அவகாசம் கொடுங்கள். அவகாசம் முடிந்த மறுநாள் துண்டிக்கத் தொடங்கும்போது முதல் வீடு உங்கள் சொந்தக்காரருடையதாக இருக்கட்டும். அதைச் செய்ய மனம் வராவிட்டால் இந்த நடவடிக்கையையே தொடங்காதீர்கள். பாதிப் பேருக்கு மட்டும் துண்டிக்கும் தலைவரை ஊர் மன்னிப்பதில்லை.

மோட்டார் எரிந்துபோகும் நாள் எந்த ஊராட்சிக்கும் வரும், அதுவும் கோடையில் வரும். அன்று மறைந்துகொள்ளாமல், “மோட்டார் காயில் கட்டப் போயிருக்கிறது, நாளை மறுநாள் மாலை தண்ணீர் வரும், அதுவரை இந்த நேரத்துக்கு டேங்கர் வரும்” என்று ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். சொன்ன நேரத்தில் முடியாது என்று தெரிந்தவுடன் மறுபடியும் அறிவியுங்கள்.

நான்காம் படி: விளக்கும் குப்பையும்

மின்கம்பங்களுக்கு எண் எழுதுங்கள். விளக்கு எரியவில்லை என்று வரும் புகாரில் கம்பத்தின் எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. புகார் வந்த நாள், சரிசெய்த நாள் என்ற இரண்டு பத்திகள் கொண்ட ஒரு பதிவேடு போதும். குப்பையைப் பொறுத்தவரை, தூய்மைக் காவலர்களுக்கு ஊதியமும் கையுறையும் மிதிவண்டியும் சரியாகக் கிடைக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். தெரு சுத்தமாக இருப்பது அவர்கள் வயிற்றைப் பொறுத்தது.

ஐந்தாம் படி: உடன் கையெழுத்திடுபவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே உங்களுக்கு எதிர் அணியில் இருந்தவரே துணைத் தலைவராக வரக்கூடும். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் கையொப்பமும் தேவை என்பதால், இந்த உறவு கெட்டால் ஊரின் வேலை நின்றுவிடும். ஊருக்கு அந்த உள்விவகாரம் தெரியாது, தெரிந்தாலும் அதை ஒரு காரணமாக ஏற்காது. “தலைவர் ஒண்ணும் செய்யலை” என்ற ஒரே தீர்ப்புத்தான் வரும்.

இதற்கு வழி பணிவும் நடைமுறை ஒழுங்கும். மாதக் கூட்டத்தின் பொருள்நிரலை முன்கூட்டியே எல்லா உறுப்பினர்களுக்கும் கொடுங்கள். அவரவர் வார்டில் நடக்கும் வேலையை அவரவரே முன்னின்று தொடங்கி வைக்கட்டும். வேலை நடந்த இடத்தில் அளவு எடுக்க ஓவர்சியர் வரும்போது அந்த வார்டு உறுப்பினரும் உடன் இருக்கட்டும். தீர்மானம் இல்லாமல் ஒரு ரூபாயும் செலவு செய்யாதீர்கள். வெற்றுப் பக்கம் விட்டுத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் உங்கள் ஊராட்சியில் இருந்தால் அதை முதல் கூட்டத்திலேயே நிறுத்துங்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 205-ஆம் பிரிவின்கீழ் தலைவரைப் பதவி நீக்கம் செய்யும் நடவடிக்கையை மாவட்ட ஆட்சியர் எடுக்க முடியும். அவசரத்தில் நல்லது செய்வதாக நினைத்து முறையைத் தாண்டியதும், தெரிந்தே கையாடல் செய்ததும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆறாம் படி: கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. இந்த நாள்களைக் கடமைக்காக முடித்துக் கையெழுத்து வாங்கி அனுப்பும் தலைவர், தன் கையில் இருக்கும் மிகச் சிறந்த கருவியைத் தானே எறிந்துவிடுகிறார். தனித்தனியாக வீட்டுக்கு வந்து கேட்கும்போது ஒவ்வொருவருக்கும் தன் கோரிக்கையே முதன்மையாகத் தெரியும். நூறு பேர் நடுவில் கேட்கும்போதுதான், தன் தெரு வடிகாலைவிடக் காலனியின் சுடுகாட்டுப் பாதை அவசரம் என்பதை அவரே பார்க்கிறார். அந்த வரிசையைத் தலைவர் தனியாகத் தீர்மானித்தால் அது பாரபட்சம் என்று பேசப்படும். சபை தீர்மானித்தால் ஊர்முடிவு.

கிராம சபைக்குக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பு உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கையை அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்கு வரும் பெண்களை அழைத்து வந்து நிரப்பிவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அவர்கள் வருவதில் தவறில்லை. அவர்களைக் கையெழுத்துக்காக மட்டும் உட்கார வைத்துப் பேச விடாமல் அனுப்புவதுதான் தவறு. ஒரு வாரத்துக்கு முன்பே தண்டோராவோ ஒலிபெருக்கியோ வைத்து, எல்லாக் குக்கிராமங்களிலும் அறிவிப்புச் செய்யுங்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 79,000 குக்கிராமங்கள் இருக்கின்றன. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறுக்கு மேல். எப்போதும் தாய்க்கிராமத்திலேயே சபையைக் கூட்டினால் எட்டியிருக்கும் குக்கிராமத்து ஆள் வரமாட்டார். கூட்டத்தை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு குக்கிராமத்தில் வையுங்கள்.

ஊராட்சியின் கணக்குப் படிவமான படிவம் 30-இல் உள்ள வரவு செலவை வேகமாகப் படித்து முடிக்காமல், ஒரு பிளக்ஸ் பேனரில் எழுதிக் கட்டிவிட்டு, ஒவ்வொரு வரியாக விளக்குங்கள். நிச்சயம் யாராவது ஒரு மூதாட்டி எழுந்து, “தலைவரே, ஓட்டுக் கேட்டு வந்தப்ப எங்க தெருவுக்கு ரோடு போட்டுத் தர்றேன்னு சொன்னியேப்பா, எங்க ரோடு?” என்று கேட்பார். அப்போது கோபமும் வேண்டாம், மழுப்பலும் வேண்டாம். “சொன்னேன் ஆத்தா, மறக்கலை. இந்த வருசப் பணம் இவ்வளவுதான், அதிலே தண்ணிக்கும் துப்புரவுக்கும் போக மிச்சம் இது. இந்தப் பணத்திலே ஒரு தெருவுக்குத்தான் ரோடு போட முடியும். எந்தத் தெருன்னு சபையே சொல்லட்டும்” என்று பேனரைக் காட்டிச் சொல்லுங்கள். கேள்வி கேட்டவர் திருப்தியடையாமல் போகலாம். ஆனால் ஏமாற்றப்பட்டதாக நினைக்கமாட்டார்.

அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பணி அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித் தொடங்குகிறது. உங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய வாக்குறுதிகளை அந்தத் திட்டத்துக்குள் கொண்டுவர அதுவே சமயம். திட்டத்தில் ஏறாத வேலைக்குப் பின்னால் பணம் தேடுவது கடினம்.

வீடு ஒதுக்கீட்டுக்குத் தனியாக ஒரு கவனம் வேண்டும், ஏனென்றால் ஊரில் பகை முளைப்பது பெரும்பாலும் இங்கேதான். பிரதமர் வீடு கட்டும் திட்டமானாலும், வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்ற அளவில் 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் போன்ற மாநிலத் திட்டமானாலும், கேட்பவர்கள் எப்போதும் ஒதுக்கீட்டைவிடப் பல மடங்கு இருப்பார்கள். அறுபது குடிசைகள் உள்ள ஊருக்கு அந்த ஆண்டு ஐந்து வீடுகள் வந்தால், ஐம்பத்தைந்து குடும்பங்கள் உங்கள் மேல் வருத்தப்படும் என்பதே கணக்கு. ஐந்து பெயரை மட்டும் படிக்காதீர்கள். திட்ட விதிகளுக்கு உட்பட்டு, குடிசையின் நிலை, கணவரை இழந்த பெண்ணின் குடும்பம், மாற்றுத்திறனாளி உள்ள குடும்பம் ஆகியவற்றைப் பார்த்துத் தகுதியுள்ள அறுபது பெயரையும் வரிசைப்படுத்திச் சபையில் படியுங்கள். தன் பெயர் பதினேழாவதாக இருப்பதை அறிந்தவர் அடுத்த ஆண்டையும் அதற்கடுத்த ஆண்டையும் எண்ணிக்கொண்டிருப்பார். அந்த வரிசையை ஒரே ஒருவருக்காக மாற்றினாலும் முழுப் பட்டியலும் மதிப்பிழந்துவிடும்.

ஏழாம் படி: உங்கள் சட்டைப் பைக்கும் ஒரு வரம்பு வையுங்கள்

கோயில் கொடைக்கு முதல் நன்கொடை, கிரிக்கெட் அணிக்குப் பரிசுக் கோப்பை, கல்யாணத்துக்கு மொய், இறந்த வீட்டுக்கு மாலையும் அவசரச் செலவும் எனத் தலைவரிடம் ஊர் எதிர்பார்ப்பதற்கு எல்லையில்லை. சில ஆயிரங்களைத் தாண்டாத மதிப்பூதியத்தில் இதைச் செய்ய முடியாது. தேர்தலுக்கே கடன் வாங்கிச் செலவழித்தவர், இந்த எதிர்பார்ப்பையும் நிறைவேற்ற முயலும்போதுதான் ஒப்பந்தக்காரரிடம் கைநீட்டும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். வீழ்ச்சி பேராசையில் தொடங்குவதைவிடக் கூச்சத்தில் தொடங்குவதே அதிகம் என்று நான் கருதுகிறேன். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு மொய், எல்லாக் கோயிலுக்கும் ஒரே அளவு நன்கொடை என்று உங்கள் வருமானத்துக்குத் தக்கபடி முதல் மாதமே தீர்மானித்து, அதைக் குடும்பத்தாருக்கும் சொல்லிவிடுங்கள். துக்க வீட்டுக்குப் பணத்துடன் போவதைவிட, இறப்புச் சான்றிதழுக்கும் அரசு நிவாரணத்துக்கும் வேண்டிய தாள்களைத் தயார் செய்து கொடுப்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய உதவி.

வரி விஷயத்திலும் இதே உறுதி வேண்டும். “நம்ம ஆள் ஜெயிச்சிட்டாரு, வரி கேட்க மாட்டாரு” என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். உங்கள் வீட்டு வரியை முதல் நாளே கட்டி ரசீதைக் காட்டுங்கள். சொந்த வருவாய்தான் ஊராட்சியின் சுதந்திரமான பணம். மேலிருந்து வரும் மானியத்துக்கு நிபந்தனை உண்டு, வீட்டு வரிக்கு இல்லை. எந்தக் குக்கிராமத்தில் எவ்வளவு வரி வசூலானது, அங்கே எவ்வளவு செலவானது என்று பக்கத்தில் பக்கமாக எழுதிக் காட்டினால் வசூல் ஏறும். ஆனால், வரி கட்ட இயலாத ஏழைக் குடியிருப்பில் வசூல் குறைவு என்பதைக் காட்டி அங்கே வேலையைக் குறைப்பது அநியாயம். அந்தக் கணக்கை அதற்காகப் பயன்படுத்தவே கூடாது.

பெண் தலைவருக்கும் பட்டியல் இனத் தலைவருக்கும்

2016-இல் தமிழ்நாடு உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்கான இட ஒதுக்கீட்டை 50 சதவீதமாக உயர்த்தியது. ஆனாலும் பெண் தலைவரிடம் சொல்ல வேண்டியதை அவர் கணவரிடம் சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியில் பட்டியல் இனத்தைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்ட படம் வெளியாகி நாடே பார்த்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் 1997-இல் பட்டியல் இனத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் கொல்லப்பட்டதை மறந்துவிட்டு இந்தப் பதவியைப் பற்றி எழுத முடியாது. பெண் தலைவர்களிடமும் பட்டியல் இனத் தலைவர்களிடமும் ஊரின் ஒரு பகுதி அளவுக்கு மீறி எதிர்பார்க்கும். இன்னொரு பகுதி இவர்கள் தோற்க வேண்டும் என்றே எதிர்பார்க்கும்.

ஆகவே சில காரியங்களை முதல் நாளிலேயே நிலைநாட்டுங்கள். தலைவரின் நாற்காலியில் தலைவரே உட்கார வேண்டும். கொடியைத் தலைவரே ஏற்ற வேண்டும். தீர்மானப் புத்தகமும் கையொப்பமிடும் உரிமையும் அவர் கையிலேயே இருக்க வேண்டும். பெண் தலைவர் தொலைபேசியைத் தானே எடுத்துப் பேசினால், சில வாரங்களில் ஊர் கணவரை அழைப்பதை நிறுத்திக்கொள்ளும். மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்புடன் நெருக்கமாக இருங்கள். கிராம சபையில் உங்களுக்காக எழுந்து பேசுபவர்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வருவார்கள். அவமதிப்பு நடந்தால் அன்றே எழுத்து மூலம் ஆட்சியருக்கும் காவல் துறைக்கும் புகார் கொடுங்கள். ஊர் ஒற்றுமைக்காகப் பொறுத்துப் போகச் சொல்பவர்கள் அந்தப் பொறுமையை எப்போதும் ஒரு பக்கத்திடம்தான் கேட்கிறார்கள்.

எட்டாம் படி: பெரிய கனவுக்கு உரிய காலம் கொடுங்கள்

ஓடந்துறையைப் போல ஆக்குவேன் என்று சொல்லி வாக்குக் கேட்பவர்கள் உண்டு. கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள அந்த ஊராட்சி, சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது உண்மை. ஆனால் அதன் தலைவர் ஆர். சண்முகம் பொறுப்புக்கு வந்தது 1996-இல்; காற்றாலை வந்தது 2006-இல். இடையில் பத்து ஆண்டுகள் குடிநீரையும் மின்கட்டணத்தையும் சீராக்கி, ஊராட்சியின் பணத்தைச் சேமித்து, அந்தச் சேமிப்புடன் வங்கிக் கடனையும் சேர்த்து, ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய் மதிப்புள்ள காற்றாலையை வாங்கினார்கள். பெரிய கனவு இருந்தால் அதை அறிவியுங்கள். அறிவிக்கும்போதே அதன் முதல் ஆண்டு வேலை என்ன என்பதையும் சொல்லுங்கள்.

பதவியேற்று ஓராண்டு முடிந்தபின் வரும் கிராம சபைக்கு அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். முடிந்தவை, நடந்துகொண்டிருப்பவை, பிற துறையில் மனுவாக நிற்பவை, இந்தப் பதவிக்காலத்தில் முடியாதவை என நான்காகப் பிரித்து ஒவ்வொன்றையும் காரணத்துடன் படியுங்கள். நான்காவது பட்டியலைப் படிக்கும்போது கூட்டத்தில் சத்தம் எழும்; கடைசி வரி வரை படித்துவிட்டு, அதில் எதையாவது மேலே கொண்டுவர வேண்டுமானால் அதற்கு ஈடாக எதைக் கீழே இறக்கலாம் என்று சபையைக் கேளுங்கள். எடுக்கும் முடிவைத் தீர்மானமாக எழுதி, அதன் நகலை அன்று மாலைக்குள் எல்லா வார்டு உறுப்பினர்களிடமும் கொடுத்து, ஒவ்வொரு குக்கிராமத்திலும் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டச் செய்யுங்கள்.